சாரிசார்டு: விதிகள் மாற்றி எழுதிய போர் வரலாறு

சாரிசார்டு என்பது ஜப்பானில் உருவான போக்கிமான் நிகழ்பட ஆட்டத்தில் வரும் ஒரு கற்பனை உயிரினம் ஆகும். ஆரஞ்சு நிற உடல், இரண்டு பெரிய இறக்கைகள், வால் நுனியில் அணையாமல் எரியும் சுடர் ஆகியவை இதன் அடையாளங்கள். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் லிசார்டான். போக்கிமான் பட்டியலில் இதன் வரிசை எண் 6. பார்ப்பதற்கு டிராகன் போல இருந்தாலும் இது டிராகன் வகையைச் சேர்ந்தது அன்று. நெருப்பு, பறத்தல் ஆகிய இரண்டு வகைகளைச் சேர்ந்தது.

உலகில் மிகப் பலரால் விரும்பப்படும் போக்கிமான்களுள் இதுவும் ஒன்று. 1999இல் வெளியான முதற்பதிப்புச் சாரிசார்டு அட்டை ஒன்று 2022 மார்ச் மாதம் 4,20,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. ஆனால் விரும்பப்படுவது வேறு, போட்டியில் வெல்வது வேறு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோதும் களத்தில் சாரிசார்டு பல ஆண்டுகள் கடைசி வரிசையில் கிடந்தது. பின்னர் ஒரே ஆண்டில் முன்வரிசைக்கு வந்தது. இத்தனைக்கும் அதன் வலிமையைக் குறிக்கும் ஆறு எண்கள் 1999ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. மாறியவை அதைச் சூழ்ந்திருந்த விதிகளே. அந்த விதி மாற்றங்களின் வழியாகச் சாரிசார்டின் போர்முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டத்தின் தோற்றம்

போக்கிமான் ஆட்டத்தை உருவாக்கியவர் சத்தோஷி தஜிரி. டோக்கியோவின் புறநகர்ப் பகுதியில் வளர்ந்த இவர், சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தார். நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவிகள் இரண்டை ஒரு கம்பியால் இணைக்க முடியும் என்று அறிந்தபோது, அந்தக் கம்பி வழியே உயிரினங்கள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதாக அவர் கற்பனை செய்தார். அந்தக் கற்பனையே ஆட்டத்தின் கரு. இவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய சிவப்பு, பச்சை ஆகிய இரண்டு பதிப்புகள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தன.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுபவருக்கு மூன்று உயிரினங்கள் காட்டப்படும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூன்றில் நெருப்பு வகையைச் சேர்ந்தது சார்மாண்டர் என்னும் சிறு பல்லி. அது 16ஆம் நிலையில் சார்மீலியனாகவும், 36ஆம் நிலையில் சாரிசார்டாகவும் வளர்ச்சி பெறும். பல குழந்தைகளுக்கு முதன்முதலில் கையில் கிடைத்து, கூடவே வளர்ந்த உயிரினம் இதுதான். போட்டியில் தோற்றாலும் இதைக் கைவிட மனமில்லாதவர்கள் ஏராளமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

போரின் அடிப்படை

போக்கிமான் போர் சுற்றுச் சுற்றாக நடைபெறுவது. ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பினரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கின்றனர். ஒவ்வொரு போக்கிமானுக்கும் நான்கு நகர்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். அல்லது களத்தில் நிற்பதைத் திரும்ப அழைத்து, அணியிலுள்ள வேறொன்றை இறக்கலாம். எதிரி என்ன செய்வார் என்று ஊகிப்பதே இந்தப் போரின் உயிர்நாடி.

வகைகளுக்கு இடையேயான உறவு சேதத்தை முடிவு செய்கிறது. நெருப்பு புல்லைச் சுடும். நீர் நெருப்பை அணைக்கும். பொருத்தமான தாக்குதல் இரண்டு மடங்கு சேதம் தரும். பொருந்தாதது பாதியாகக் குறையும். இரண்டு வகைகள் கொண்ட உயிரினத்துக்கு இரண்டு கணக்குகளும் பெருக்கப்படும்.

சாரிசார்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிலவகைத் தாக்குதல் நெருப்பை இரண்டு மடங்கு தாக்கும். ஆனால் பறப்பதன் மேல் படவே படாது. ஆகவே நிலநடுக்கம் சாரிசார்டை ஒன்றும் செய்வதில்லை. புல், பூச்சி ஆகிய வகைகளின் தாக்குதல்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீரும் மின்சாரமும் இரண்டு மடங்கு தாக்கும். பாறைதான் கொடியது. பாறை நெருப்பையும் இரண்டு மடங்கு தாக்கும், பறப்பதையும் இரண்டு மடங்கு தாக்கும். இரண்டையும் பெருக்கினால் நான்கு மடங்கு. சாரிசார்டின் முப்பது ஆண்டுக் கதையில் திரும்பத் திரும்ப வரும் எண் இந்த நான்குதான்.

முதல் தலைமுறை: 1996

முதல் பதிப்புகளில் உயிரினத்தின் வலிமை ஐந்து எண்களால் குறிக்கப்பட்டது. உடல் தொட்டுத் தாக்கும் வலிமையும் அதைத் தாங்கும் வலிமையும் தனித்தனியாக இருந்தன. ஆனால் நெருப்பு, நீர், மின்சாரம் போன்ற சிறப்பு ஆற்றல்களை ஏவுவதற்கும் தாங்குவதற்கும் சேர்த்து ஒரே எண்தான் இருந்தது. சாரிசார்டின் சிறப்பு எண் 85. முன்னணி உயிரினங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரமானதே.

வேகம் 100 என்பது நல்ல எண்தான். ஆனால் நீர்வகையைச் சேர்ந்த ஸ்டார்மியின் வேகம் 115. அது முந்திக்கொண்டு நீரையோ மின்சாரத்தையோ பாய்ச்சிவிடும். அக்காலத்தில் பனியின் தாக்குதலை நெருப்பு குறைப்பதில்லை என்பதால், பனிப்புயல் நகர்வான பிளிசார்டும் சாரிசார்டை இரண்டு மடங்கு தாக்கியது. அந்த நகர்வு மிகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட காலம் அது. ஆகவே எதிரணியில் யார் நின்றாலும் சாரிசார்டுக்கு ஆபத்து இருந்தது.

ஆட்டக்காரர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டனர். முதலாவது, வாள் நடனம் எனப் பொருள்படும் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் நகர்வால் உடல் வலிமையை இரண்டு மடங்காக்கி, நிலநடுக்கத்தாலும் ஹைப்பர் பீம் நகர்வாலும் தாக்குவது. இரண்டாவது, ஃபயர் ஸ்பின் என்னும் நெருப்புச் சுழலில் எதிரியைச் சிக்கவைப்பது. முதல் தலைமுறை விதிப்படி சுழலில் சிக்கிய உயிரினம் அந்தச் சில சுற்றுகளில் எதையும் செய்ய முடியாது. இரண்டு வழிகளுமே சில நேரங்களில் பலன் தந்தன. எனினும் டாரோஸ், ஸ்னோர்லாக்ஸ், சான்சி போன்றவை ஆட்சி செய்த களத்தில் சாரிசார்டுக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. இறக்கைகள் இருந்தும் முதல் பதிப்புகளில் இதற்குப் பறக்கும் நகர்வான ஃபிளையைக் கற்பிக்க முடியாது என்பது மற்றொரு வேடிக்கை. பின்னர் வந்த மஞ்சள் பதிப்பில்தான் அந்தக் குறை நீக்கப்பட்டது.

ஆறு எண்கள்: 1999

1999 நவம்பரில் தங்கம், வெள்ளி பதிப்புகள் வெளிவந்தன. சிறப்பு எண் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அன்று சாரிசார்டுக்குத் தரப்பட்ட ஆறு எண்கள் இவை: உயிர்ப்புள்ளி 78, தாக்குதல் 84, தற்காப்பு 78, சிறப்புத் தாக்குதல் 109, சிறப்புத் தற்காப்பு 85, வேகம் 100. கூட்டுத்தொகை 534. இன்றும் இவையே நீடிக்கின்றன.

சிறப்புத் தாக்குதல் 85இலிருந்து 109 ஆனதால் இதன் நெருப்புக்கு உண்மையான சூடு வந்தது. நெருப்பு வகை பனியைத் தாங்கும் என்ற திருத்தமும் சாதகமாக அமைந்தது. இதே பதிப்புகளில் ஸ்பைக்ஸ் என்னும் முட்பொறி அறிமுகமானது. எதிரியின் பக்கத்தில் முட்களைப் பரப்பிவிட்டால், களமிறங்கும் ஒவ்வோர் உயிரினமும் உயிர்ப்புள்ளியில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். பறப்பவற்றை முட்கள் தொடாது. சாரிசார்டின் இறக்கைகள் அன்று அதற்குக் கவசமாயின. அடுத்த பொறி வந்தபோது அதே இறக்கைகளே சுமையாயின. அதற்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

300 என்னும் எண்: 2002

2002 நவம்பரில் வெளிவந்த ரூபி, சஃபையர் பதிப்புகள் இயல்புத்திறன் என்ற கருத்தைக் கொண்டுவந்தன. சாரிசார்டின் இயல்புத்திறன் பிளேஸ். உயிர்ப்புள்ளி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும்போது இதன் நெருப்பு ஒன்றரை மடங்கு வலுப்பெறும்.

இக்காலத்தில் புகழ்பெற்ற சாரிசார்டு உத்தி, வயிற்றைப் பறையாக அடித்துக்கொள்ளும் பெல்லி டிரம் என்னும் நகர்வைச் சார்ந்தது. இதைச் செய்தால் உயிர்ப்புள்ளியில் பாதி போய்விடும். ஆனால் உடல் தாக்குதல் வலிமை நான்கு மடங்காக உயரும். இதனுடன் இரண்டு துணைகள் சேர்க்கப்பட்டன. ஒன்று, கால் பங்கு உயிர்ப்புள்ளியைக் கொடுத்துப் பொம்மை ஒன்றைக் கேடயமாக நிறுத்தும் சப்ஸ்டிட்யூட் நகர்வு. மற்றொன்று, உயிர்ப்புள்ளி கால் பங்குக்கு இறங்கியதும் தானாக உண்ணப்பட்டு வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாலக் என்னும் கனி.

முதலில் பொம்மை, கால் பங்கு செலவு. அடுத்துப் பறை, அரைப் பங்கு செலவு. மிஞ்சியது கால் பங்கு. உடனே கனி வேலை செய்யும். இப்போது பொம்மைக்குப் பின்னால் நிற்கும் சாரிசார்டு நான்கு மடங்கு வலிமையோடும் ஒன்றரை மடங்கு வேகத்தோடும் இருக்கும்.

ஆனால் இதில் ஒரு நுட்பமான கணக்கு மறைந்திருந்தது. 100ஆம் நிலையில் சாரிசார்டின் உயிர்ப்புள்ளியை இவ்வாறு கணக்கிடலாம்: அடிப்படை எண் 78இன் இரண்டு மடங்கு 156, பிறவிப் புள்ளி அதிகபட்சம் 31, நிலைக்கு உரிய 110. மொத்தம் 297. இந்த 297ஐ வைத்து உத்தியைச் செய்து பார்த்தால், பொம்மைக்கு 74, பறைக்கு 148 போக மீதி 75. ஆனால் 297இல் கால் பங்கு 74தான். ஒரே ஒரு புள்ளி அதிகமாக இருப்பதால் கனி வேலை செய்யாது! ஆட்டக்காரர்கள் பயிற்சிப் புள்ளிகளில் 12ஐ உயிர்ப்புள்ளிக்குக் கொடுத்து அதை 300 ஆக்கினர். அப்போது 75, 150 போக மீதி சரியாக 75. கனியும் உண்ணப்பட்டது.

இந்த உத்திக்கு ஒரு குறையும் இருந்தது. அக்கால விதிப்படி நெருப்பு நகர்வுகள் அனைத்தும் சிறப்புத் தாக்குதலையே சார்ந்திருந்தன. பெல்லி டிரம் உயர்த்துவதோ உடல் தாக்குதலை. ஆகவே நெருப்புக்குப் பேர்போன உயிரினம் நிலநடுக்கத்தையும் பாறைச் சரிவையும் நம்பிப் போரிட வேண்டியிருந்தது.

மிதக்கும் பாறைகள்: 2006

2006 செப்டம்பரில் டைமண்ட், பேர்ல் பதிப்புகள் வந்தன. ஒரு நகர்வு உடல் சார்ந்ததா, சிறப்புச் சார்ந்ததா என்பதை இனி அதன் வகை முடிவு செய்யாது, அந்த நகர்வே முடிவு செய்யும் என்று விதி திருத்தப்பட்டது. உடல் வலிமையால் நெருப்பை ஏவும் ஃபிளேர் பிளிட்ஸ் போன்ற நகர்வுகள் சாரிசார்டுக்குக் கிடைத்தன. முழு உயிர்ப்புள்ளியில் பாதி அளவை மீட்கும் ரூஸ்ட் நகர்வும் கிடைத்தது. இவை மட்டும் நடந்திருந்தால் சாரிசார்டுக்கு அது பொற்காலமாக இருந்திருக்கும்.

ஆனால் அதே பதிப்புகளில் ஸ்டெல்த் ராக் என்னும் பொறியும் வந்தது. ஒருமுறை பயன்படுத்தினால் எதிரியின் பக்கத்தில் கூரிய பாறைகள் மிதந்துகொண்டே இருக்கும். களமிறங்கும் ஒவ்வோர் உயிரினத்தையும் அவை குத்தும். தரையில் இருந்தாலும் பறந்தாலும் தப்ப முடியாது. முட்பொறியைப் போல எல்லோருக்கும் ஒரே சேதம் என்றும் இல்லை. வகைக் கணக்கின்படியே சேதம் அமையும். சாதாரண உயிரினத்துக்கு எட்டில் ஒரு பங்கு. பாறைக்கு இரண்டு மடங்கு அஞ்சுவதற்கு கால் பங்கு. நான்கு மடங்கு அஞ்சுவதற்கு அரைப் பங்கு.

சாரிசார்டு களத்தில் கால் வைத்த உடனேயே, எதிரி ஒரு விரலையும் அசைக்காமல், பாதி உயிர் போய்விடும். இந்த நகர்வைப் பல உயிரினங்கள் கற்க முடிந்ததால், தேர்ந்த அணிகளில் இது ஏறக்குறைய கட்டாயமான உறுப்பாயிற்று. அணியை அமைப்பவர்கள் எந்த உயிரினத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்ட கேள்வி, அது பாறைகளைத் தாங்குமா என்பதே.

இங்கும் ஒரு புள்ளியின் கணக்கு உண்டு. பாறைகளின் சேதத்தில் பின்னம் வந்தால் அது விடப்படும். உயிர்ப்புள்ளி 298 எனில் முதல்முறை 149 போகும், இரண்டாம் முறை மீதி 149உம் போய்ச் சாரிசார்டு வீழும். உயிர்ப்புள்ளி 297 எனில் ஒவ்வொரு முறையும் 148தான் போகும். இரண்டு முறை இறங்கிய பிறகும் 1 புள்ளி மிஞ்சும். மூச்சு மட்டும் இருக்கும் நிலைதான். ஆனால் அந்த ஒரு மூச்சில் ஒரு தாக்குதலை ஏவ முடியும். ஆகவே பயிற்சிப் புள்ளிகளில் கடைசியாக எஞ்சும் 4ஐ உயிர்ப்புள்ளிக்குக் கொடுக்கும் பொதுவான வழக்கத்தைச் சாரிசார்டுக்கு மட்டும் கைவிட்டனர். 2002இல் 300ஐத் தேடியவர்கள் 2006இல் 297ஐக் கட்டிக் காத்தனர். உயிரினம் அதேதான். சூழல் மாறியதும் சரியான விடையும் மாறிவிட்டது.

வெயிலில் ஒரு நம்பிக்கை: 2010

2010 செப்டம்பரில் வெளிவந்த பிளாக், வைட் பதிப்புகளின் காலத்தில் சாரிசார்டுக்குச் சோலார் பவர் என்னும் மறைந்திருக்கும் இயல்புத்திறன் கிடைத்தது. கடும் வெயிலில் சிறப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகும். அதற்கு விலையாக ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எட்டில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளி குறையும். அக்காலத்தில் நைன்டேல்ஸ் என்னும் நெருப்பு நரி களமிறங்கினாலே வெயில் வரும்; வேறு வானிலை வந்து கலைக்கும்வரை அது நீடிக்கும்.

வெயிலில் நிற்கும் சாரிசார்டின் நெருப்பைக் கணக்கிடலாம். தன் வகை நகர்வு என்பதால் 1.5 மடங்கு. வெயிலால் 1.5 மடங்கு. சோலார் பவரால் 1.5 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 3.375 மடங்கு. இதை நேரே தாங்கி நின்றவை மிகச் சிலவே.

ஆனால் பாறைகள் மிதக்கும் களத்தில் இதே சாரிசார்டின் ஆயுளையும் கணக்கிட வேண்டும். 297இல் இறங்கும்போதே 148 போய்விடும். மீதி 149. ஒவ்வொரு சுற்றிலும் வெயில் 37 புள்ளிகளை எடுக்கும். நான்காம் சுற்றின் முடிவில் மிஞ்சுவது 1. எதிரி தொடாமலே நான்கு சுற்றில் கதை முடிந்துவிடும்.

இணையத்தில் போட்டி ஆட்டத்தை ஆராயும் ஸ்மோகன் என்னும் சமூகம் 2004 முதல் இயங்கி வருகிறது. எந்த உயிரினம் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்தப்படுகிறது என்ற கணக்கைக் கொண்டு அது போக்கிமான்களை அடுக்குகளாகப் பிரிக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் சாரிசார்டு சேர்க்கப்பட்ட அடுக்கின் பெயர் நெவர் யூஸ்டு. ஒருபோதும் பயன்படுத்தப்படாதவை என்பது அதன் பொருள். நைன்டேல்ஸோ வெயில் அணிகளின் தேவையால் மேலடுக்கில் இருந்தது. ஆகவே அதனோடு கூட்டுச் சேர வேண்டுமானால் சாரிசார்டு மேலடுக்குக்கே சென்று, மழையைக் கொண்டுவரும் போலிட்டோட், மணற்புயலைக் கொண்டுவரும் டைரானிட்டார் ஆகியவற்றைச் சந்திக்க வேண்டியிருந்தது. அட்டை வணிகத்தில் தங்கமாக மதிக்கப்பட்ட ஓர் உயிரினம் போர்க்களத்தில் இந்த நிலையில் இருந்தது.

இரண்டு முகங்கள்: 2013

2013 அக்டோபர் 12 அன்று எக்ஸ், ஒய் பதிப்புகள் உலகெங்கும் ஒரே நாளில் வெளிவந்தன. அவற்றில் மெகா பரிணாமம் அறிமுகமானது. குறிப்பிட்ட கல்லை வைத்திருக்கும் உயிரினம் போரின் நடுவே ஒருமுறை மேம்பட்ட வடிவம் எடுக்கும். ஓர் அணியில் ஒன்றுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு. பெரும்பாலானவற்றுக்கு ஒரு மெகா வடிவம் தரப்பட்டபோது சாரிசார்டுக்கு இரண்டு தரப்பட்டன. இரண்டிலும் கூட்டுத்தொகை 634. அதாவது 100 புள்ளிகள் கூடுதல்.

மெகா சாரிசார்டு எக்ஸ் கரிய உடலும் நீலச் சுடரும் கொண்டது. நெருப்பு, டிராகன் ஆகியவை இதன் வகைகள். தோற்றத்தில் மட்டும் டிராகனாக இருந்த உயிரினம் இங்கே வகையாலும் டிராகன் ஆயிற்று. உடல் தாக்குதல் 84இலிருந்து 130க்கும், தற்காப்பு 78இலிருந்து 111க்கும் உயர்ந்தன. தொட்டுத் தாக்கும் நகர்வுகளை ஏறத்தாழ 30 விழுக்காடு வலுப்படுத்தும் டஃப் கிளாஸ் இதன் இயல்புத்திறன். பறத்தல் வகை நீங்கியதால் பாறை நான்கு மடங்கிலிருந்து இரண்டு மடங்காகக் குறைந்தது. அதற்கு ஈடாக நிலநடுக்கம் தாக்கத் தொடங்கியது.

மெகா சாரிசார்டு ஒய் நெருப்பு, பறத்தல் வகைகளைத் தக்கவைத்துக்கொண்டது. இதன் சிறப்புத் தாக்குதல் 159. டிரவுட் என்னும் இயல்புத்திறனால் இதுவே வெயிலை வரவழைக்கும். இந்தத் தலைமுறையில் வெயில் ஐந்து சுற்றுகளே நீடித்தாலும், துணைக்கு நைன்டேல்ஸ் தேவைப்படவில்லை. வெயிலில் நீரின் தாக்குதல் பாதியாகும். சூரிய ஒளியைத் திரட்ட ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டிய சோலார் பீம், வெயிலில் உடனே பாயும். நெருப்பை அணைக்க வந்த நீர் உயிரினங்கள் இந்தப் புல்வகைத் தாக்குதலில் வீழ்ந்தன.

இரண்டு வடிவங்களும் வலியவை. எனினும் சாரிசார்டின் பெரிய ஆயுதம் எதிரியின் மனத்தில் எழும் ஐயமே. போருக்கு முன் அணியைப் பார்க்கும் எதிரிக்குச் சாரிசார்டு இருப்பது தெரியும். எந்தக் கல் இருக்கிறது என்பது தெரியாது. ஒய் வடிவத்தைத் தடுக்கச் சிறப்புத் தற்காப்பு மிகுந்த சான்சியை இறக்கினால், வந்தது எக்ஸ் வடிவமாக இருக்கலாம். அது சான்சியின் முன் நின்று டிராகன் டான்ஸ் ஆடி, தாக்குதலையும் வேகத்தையும் உயர்த்திக்கொண்டு முழு அணியையும் சாய்த்துவிடும். எக்ஸ் வடிவம் என நினைத்து உடல் தற்காப்பு மிகுந்ததை இறக்கினால், ஒய் வடிவத்தின் நெருப்பு அதைச் சுட்டுவிடும். தவறான ஊகத்துக்கு விலை ஒரு உயிரினம்; சில வேளைகளில் முழு ஆட்டம்.

பாறைகள் அப்போதும் இருந்தன. மெகா வடிவம் எடுக்குமுன் களமிறங்கினால் எக்ஸும் பாதி உயிரை இழக்கும். ஆனால் பொறிகளைத் துடைக்கும் டிஃபாக் நகர்வு இத்தலைமுறையில் திருத்தப்பட்டு, இரு பக்கங்களிலும் உள்ள பொறிகளை நீக்கும் வலிமை பெற்றது. பொறி நீக்கும் துணை ஒன்றைச் சேர்த்துக்கொள்வது சாரிசார்டு அணியின் முதல் விதியாயிற்று. நெவர் யூஸ்டு அடுக்கில் இருந்த உயிரினத்தின் இரண்டு மெகா வடிவங்களும், அதிகம் பயன்படுத்தப்படுபவை எனப் பொருள்படும் ஓவர் யூஸ்டு அடுக்கில் இடம்பெற்றன.

இருவர் இருவராக மோதும் களம்

மேலே கூறியவை பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மோதும் ஆட்டத்தைப் பற்றியவை. போக்கிமான் நிறுவனம் நடத்தும் அதிகாரபூர்வ உலகப் போட்டியில் இரண்டுக்கு இரண்டு மோதும் முறை பின்பற்றப்படுகிறது. ஆறு உயிரினங்களைக் காட்டி, நான்கை மட்டும் தேர்ந்து ஆட வேண்டும். ஆட்டம் விரைவில் முடிந்துவிடும். உயிரினங்களை மாற்றி இறக்குவதும் குறைவு. ஆகவே ஸ்டெல்த் ராக் போடுவதற்கு ஒரு சுற்றைச் செலவிடுவது இங்கே பெரும்பாலும் வீண். சாரிசார்டின் பெரும் பகை இந்தக் களத்தில் வலுவிழந்தது.

2014ஆம் ஆண்டுப் போட்டிகளில் கலோஸ் பகுதிப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அக்காலத்தில் ஒய் வடிவம் பரவலாக ஆடப்பட்டது. இரண்டு எதிரிகளையும் ஒரே நேரத்தில் தாக்கும் ஹீட் வேவ் இதன் முதன்மை ஆயுதம். வெயிலில் வேகம் இரண்டு மடங்காகும் வீனசார் இதன் நெருங்கிய கூட்டாளி. வானிலைப் போரிலும் ஒய் வடிவத்துக்கு ஒரு வசதி இருந்தது. டைரானிட்டார் களமிறங்கிய கணமே மணற்புயல் வந்துவிடும். சாரிசார்டோ எந்தச் சுற்றில் மெகா வடிவம் எடுப்பது என்று தானே முடிவு செய்யலாம். கடைசியாக வந்த வானிலையே நிலைக்கும் என்பதால், பொறுத்திருந்து மாற்றியவர் வென்றார்.

எனினும் நான்கு மடங்குக் கணக்கு இங்கும் துரத்தியது. இருவரையும் ஒருசேரத் தாக்கும் பாறைச் சரிவு நகர்வு இக்களத்தில் மிகப் பரவலானது. அதைத் தடுக்க, பரவும் தாக்குதல்களை மறிக்கும் வைட் கார்டு நகர்வைக் கற்ற கூட்டாளியைப் பக்கத்தில் நிறுத்துவது ஒரு வழி.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் செ ஜுன் பார்க் வாகை சூடினார். அவருடைய அணியில் பலரும் கவனித்தது பச்சிரிசு என்னும் சிறிய மின்சார அணில். எண்களைப் பார்த்தால் மிக எளிய உயிரினம் அது. எதிரியின் தாக்குதல்களைத் தன் மேல் இழுத்துக்கொண்டு கூட்டாளியைக் காப்பதே அதன் பணி. ஓர் உயிரினத்தின் மதிப்பை அதன் எண்கள் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்குச் சாரிசார்டின் எழுச்சியைப் போலவே இதுவும் தக்க சான்று.

காலணியும் பேருருவும்: 2019

2019 நவம்பர் 15 அன்று வெளிவந்த ஸ்வார்ட், ஷீல்டு பதிப்புகளில் மெகா பரிணாமம் நீக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் சாரிசார்டைத் தாங்கிய ஏணி எடுக்கப்பட்டது. ஆனால் இரண்டு புதிய விதிகள் வந்தன.

முதலாவது, ஹெவி டியூட்டி பூட்ஸ் என்னும் காலணி. இதை வைத்திருக்கும் உயிரினத்தைக் களத்தில் உள்ள எந்தப் பொறியும் பாதிக்காது. 2006 முதல் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த பாறைச் சிக்கலுக்கு ஒரு காலணி விடையாயிற்று. ஆனால் ஒரு உயிரினம் ஒரு பொருளைத்தான் வைத்திருக்க முடியும். காலணி அணிந்தால் வலிமை கூட்டும் பொருள்களைத் துறக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்று சுற்றுகளுக்குப் பேருருவம் எடுக்கும் டைனாமாக்ஸ். சாரிசார்டுக்கு ஜைகான்டமாக்ஸ் என்னும் தனிவகைப் பேருருவமும் உண்டு. அதன் சிறப்பு நகர்வான ஜி-மாக்ஸ் வைல்டுஃபயர், நெருப்பு வகை அல்லாத எதிரிகளை நான்கு சுற்றுகள் சுட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆறில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளியைக் குறைக்கும். நான்கு சுற்றில் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு. சாதாரண டைனாமாக்ஸ் எடுத்தால் நெருப்பு நகர்வு மாக்ஸ் ஃபிளேராக மாறி வெயிலைக் கொண்டுவரும். அப்போது சோலார் பவரும் விழித்துக்கொள்ளும். எதிரியை மெல்லச் சுடுவதா, ஒரே மூச்சில் எரிப்பதா என்பதை அணி அமைப்பவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பறத்தல் வகை நகர்வு மாக்ஸ் ஏர்ஸ்ட்ரீமாக மாறித் தன் வேகத்தையும் கூட்டாளியின் வேகத்தையும் உயர்த்தியது. ஒன்றுக்கு ஒன்று மோதும் ஆட்டத்தில் டைனாமாக்ஸ் சமநிலையைக் குலைப்பதாகக் கருதி, 2019 டிசம்பரிலேயே ஸ்மோகன் சமூகம் அதைத் தன் முதன்மை அடுக்கில் தடை செய்தது. அங்கே சாரிசார்டுக்கு எஞ்சியது காலணி மட்டுமே.

வகையையே மாற்றும் விதி: 2022

2022 நவம்பர் 18 அன்று வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் பதிப்புகள் டெராஸ்டல் முறையைக் கொண்டுவந்தன. போரில் ஒருமுறை, அணியில் ஓர் உயிரினம் தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். நில வகையாகவோ எஃகு வகையாகவோ மாறும் சாரிசார்டுக்குப் பாறை பாதிச் சேதமே தரும். நான்கு மடங்கு அரை மடங்காகிவிடும். அப்போதும் தன் பழைய நெருப்பு, பறத்தல் நகர்வுகளுக்குரிய கூடுதல் வலிமை போவதில்லை. நெருப்பு வகையையே தேர்ந்தால் நெருப்பு நகர்வுகளுக்கான 1.5 மடங்கு இரண்டு மடங்காக உயரும். தாக்குதலா, தற்காப்பா என்பது ஆடுபவரின் தேர்வு. அதே ஆண்டு டிசம்பரில் பலர் கூடி வீழ்த்த வேண்டிய சிறப்பு எதிரியாக டிராகன் டெரா வகைச் சாரிசார்டு ஆட்டத்தில் தோன்றியது.

முடிவுரை

1996இல் நடுத்தரம், 2002இல் துணிச்சலான உத்தியின் கருவி, 2010இல் பயன்படாதது, 2013இல் முன்னணி, 2019இல் பேருருவம். சாரிசார்டின் நிலை இவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 78, 84, 78, 109, 85, 100 என்னும் எண்கள் மட்டும் அசையவில்லை. ஒரு நகர்வு அதை வீழ்த்தியது, ஒரு கல் அதை உயர்த்தியது, ஒரு காலணி அதன் காலைக் காத்தது.

போட்டி ஆட்டம் கற்கும் மாணவர்களுக்கு இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஓர் உயிரினம் வலியதா, எளியதா என்று கேட்பதற்கு முன், எந்த விதியின் கீழ், எந்தக் கூட்டாளியோடு, எந்த எதிரிக்கு முன்னால் என்று கேட்க வேண்டும். இது முதற்பாடம். பயன்படாதது என்று பட்டியல் சொன்ன காலத்திலும் சாரிசார்டைக் கைவிடாமல், 297க்கும் 298க்கும் இடையேயுள்ள ஒரு புள்ளியைக் கண்டறிந்து அதை இன்னும் ஒருமுறை களமிறக்கியவர்கள் இருந்தனர். விதியை மாற்ற அவர்களால் முடியவில்லை. விதிக்குள் இருந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவ்வாறு தேடுவதுதான் உத்தி என்பது இரண்டாம் பாடம்.